இருபத்து நான்கு ஓட்டை

எங்கள் வீட்டில் 24 போர்ட் பேட்ச் பேனல் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர். லேன் ஒயர் தேவைப்படும் கருவிகள், வாசல் கேமராவையும் சேர்த்து, ஏழு. மீதிப் பதினேழு ஓட்டை எதற்கு என்று மனைவி கேட்கும்போதெல்லாம் "எதிர்காலத்துக்கு" என்று சொல்லிவந்தேன். எதிர்காலம் வந்தது. அது வைஃபையில் வந்தது.

பேட்ச் பேனல் என்றால் என்னவென்று தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டையான ஓர் இரும்புத் தகடு. முன்பக்கம் லேன் ஒயர் செருகும் துளைகள் வரிசையாக இருக்கும். பின்பக்கம் ஒவ்வொரு துளைக்கும் எட்டெட்டு உலோகப் பிளவுகள். சுவரிலிருந்து வரும் ஒயரின் எட்டு இழைகளையும் அந்தப் பிளவுகளில் அழுத்திப் பதித்துவிட்டால், அப்புறம் அதைத் தொடவே கூடாது. முன்பக்கத்திலிருந்து, எல்லாக் கருவிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டிக்குக் குட்டை ஒயர்கள் போகும். பிடுங்குவது, மாற்றுவது, செருகுவது எல்லாம் அந்தக் குட்டை ஒயர்களோடு சரி. சுவர் ஒயரின் ஒவ்வோர் இழையும் ஒற்றைக் கம்பி. திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடியும். குட்டை ஒயரின் இழைக்குள் மெல்லிய கம்பிகள் பல முறுக்கியிருக்கும், வளைப்பதைத் தாங்கும். ஒடியக்கூடியதை அசையாமல் வைப்பது, வளையக்கூடியதை அசைய விடுவது, இவ்வளவுதான் இந்தத் தகட்டுக்குத் தெரிந்த வித்தை. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் கையால் கனெக்‌ஷன் கொடுத்த காலத்தில், துளை மாற்றித் துளையில் கயிறு ஒயரைச் செருகிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பலகைக்கு இது தூரத்துச் சொந்தம்.

பேனல் பெட்டியைப் பிரித்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுல லைட்டு எரியாதா?"

"எரியாது."

"பிளக் எங்கங்க இருக்கு?"

"இதுக்குக் கரன்ட்டே வேண்டாம்."

"அப்ப இது என்னதான் செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. ஒயரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்."

"அதுக்கு வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே."

அவள் சொன்னது தப்பில்லை. நான் ஒயரைப் பிடித்த கதை இப்படித்தான் ஆரம்பித்தது. திருச்சியில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். கீழே ஹாலில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை என் மாடி அறைக்கு வந்து சேரும்போது அதில் சத்து எதுவும் மிச்சமிருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாண்டி வரும். ஆனால் அந்த அலைவரிசையில் எங்கள் தெரு முழுவதும் குடியிருக்கிறது. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து, மீட்டிங்கில் என் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்பதைச் சக ஊழியர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேகரித்து வந்தார்கள்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு ஒயர். கேட் 6 என்ற ரக லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் நொடிக்கு 1000 மெகாபிட்டைக் கொண்டுபோகும். எங்கள் வீட்டில் கீழ் மூலையிலிருந்து மாடி மூலைக்கு எப்படிச் சுற்றினாலும் 25 மீட்டர் வராது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லியிருந்தால் அரை நாளில் இழுத்துக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார்.

நான் சொல்லவில்லை. இணையத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர் ரேக் படங்கள். உறையூர்த் தறியில் பாவு ஓட்டியதுபோல நீல நீல ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் வளைந்து இறங்கும் படங்கள். இப்படி அடுக்குகிறவர்களும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எனக்கு இன்டர்நெட் வேண்டும் என்ற எண்ணம் எந்த இடத்தில் கழன்றுகொண்டு, எனக்கு அந்தப் படம் வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. அடுத்து நான் செய்த தப்புகள் அத்தனைக்கும் தாய்த் தப்பு அதுதான்.

எட்டு போர்ட் பேனல் இருந்தது. ஆனால் 19 அங்குல ரேக்கின் முழு அகலத்துக்கும் வருவது 24 போர்ட் பேனல்தான். பாதி ரேக் காலியாகத் தெரிந்தால் படம் கெட்டுப்போகுமே. ஆகையால் 24.

ரேக்குக்கும் பேனலுக்கும் ஆன செலவை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒயரில் பிடித்தேன். ரேக் கண்ணுக்குத் தெரியும். ஒயர் சுவருக்குள் போய்விடும் அல்லவா. லேன் ஒயர் 305 மீட்டர் பெட்டியாக வரும். ஆயிரம் அடிக் கணக்கு அது. கடையில் இரண்டு பெட்டி காட்டினார்கள். இரண்டின் மேலும் கேட் 6 என்று போட்டிருந்தது. ஒன்று பாதி விலை. தூக்கிப் பார்த்தேன், எடையும் பாதிதான் இருக்கும்போல. ஸ்கூட்டரில் கொண்டுபோக வசதி என்று மகிழ்ந்தேன்.

சுவரில் துளை போட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒயரின் நுனியை எடுத்துக் கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டினார். செம்பு நிறம் போய் வெள்ளையாகப் பல்லிளித்தது.

"தம்பி, இது காப்பர் இல்ல. அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசியிருக்கான்."

"பரவாயில்லண்ணே, வீட்டுக்குத்தானே."

அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தை அதிகம் தடுக்கும். மடக்கினால் சீக்கிரம் ஒடியும். லேன் ஒயருக்கான தர விதிகள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. பூச்சு ஒயரின் மேல் கேட் 6 என்று அச்சடிப்பதால் அது கேட் 6 ஆகிவிடாது. இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குப் பெட்டியைப் பிரித்தாயிற்று. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அண்ணனிடம் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

அந்தக் கஞ்சத்தனத்துக்கு வட்டியை வாசல் கேமரா வசூலித்தது. கேமராவுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்காமல் லேன் ஒயரிலேயே அனுப்பும் முறை உண்டு. முறைப்படி செய்தால் 48 வோல்ட் அளவில் அனுப்புவார்கள். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், வழியில் நடக்கும் இழப்பும் குறையும். நான் வாங்கியது 12 வோல்ட்டை அப்படியே ஒயரில் ஏற்றிவிடும் மலிவு இணைப்பு. காம்பவுண்டைச் சுற்றி நீளமாகப் போன பூச்சு ஒயரில் அந்தப் 12 வோல்ட் ஏறியது. பகலெல்லாம் கேமரா பிரமாதமாக வேலை செய்தது. பால்காரர், பேப்பர்காரர், எதிர்வீட்டுப் பூனை எல்லோரும் பதிவானார்கள். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கரன்ட் கூடுதலாகக் கேட்கும், ஒயரால் கொடுக்க முடியாது, வோல்ட் சரியும், கேமரா அணைந்துவிடும். அணைந்ததும் சுமை குறைவதால் மறுபடி உயிர் வரும். இருட்டாக இருக்கிறதே என்று மறுபடி விளக்கைப் போடும். விடிய விடிய இதே கூத்து. நான் கேமராதான் பழுது என்று அதை மாற்றி வாங்கினேன். புதுக் கேமராவும் சூரியன் மறைந்ததும் கண்ணை மூடியது. திருடர்கள் அலுவலக நேரத்தில் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும்படியான பாதுகாப்பு ஏற்பாடு எங்கள் வீட்டில் சில மாதங்கள் அமலில் இருந்தது.

துளை போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பதித்த கன்சீல்டு பைப்பில் மின் ஒயர்களே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதிலேயே லேன் ஒயரையும் நுழைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து, அப்பாவின் மேல் அவர் வைத்திருந்த மரியாதை மட்டும்தான் என்னைக் காப்பாற்றியது. 230 வோல்ட் ஓடும் ஒயரோடு லேன் ஒயரை ஒரே குழாயில் போட்டால் இரைச்சல் ஏறுவது ஒரு பக்கம். இழுக்கும்போது எங்காவது உறை உரிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் 230 வோல்ட் என் லேப்டாப்புக்கே வந்துவிடும். ஆகவே சுவரின் மேல் கேசிங் அடித்துக் கொண்டுபோவது என்று முடிவானது. எந்த இடத்தில் சுவரைத் துளைப்பது என்பதை மட்டும் நான் அளந்து குறித்துக் கொடுத்தேன். டேப்பைப் பிடித்தவன் நான். பென்சில் கோடு என்னுடையது. டிரில்லின் முனை மறுபக்கம் வெளிவந்த இடம் பூஜை அறை, சாமி படங்களின் வரிசைக்குக் கணக்காக நடுவில்.

அம்மா சத்தம் போடவில்லை. செங்கல் தூளைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, சாமிக்கும் இன்டர்நெட் கொடுக்கறியா?"

பேனல் கூரியரில் வந்துகொண்டிருந்த இடைவெளியில் மாடி ஒயருக்கு மட்டும் இரண்டு முனையிலும் ஜாக் அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதுதான் என் தோல்விகளில் மிகவும் படித்த தோல்வி. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

லேன் ஒயருக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். ஆரஞ்சும் வெள்ளை ஆரஞ்சும் ஒரு ஜோடி. பச்சை, நீலம், பழுப்பும் அப்படியே. பெரும்பாலானோர் பின்பற்றும் வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பார்த்தாலே தெரிகிறதல்லவா? பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியைப் புகுத்தியிருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. யாரோ கவனக்குறைவாக எழுதி, எல்லோரும் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள் என்று தோன்றியது. நான் ஒழுங்காக அடுக்கினேன்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. ஒரு முனையின் மூன்றாம் ஊசி மறுமுனையின் மூன்றாம் ஊசிக்குத்தானே போகிறது, மின்சாரத்துக்கு நிறம் தெரியுமா என்ன என்று தர்க்கமும் வைத்திருந்தேன்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் விளக்குகள் வரிசை தவறாமல் எரிந்தன. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்தபடியே போனான்.

ஒயரை லேப்டாப்பில் செருகினேன். வைஃபையே தேவலாம்போல இருந்தது. வேகம் ஏறும், விழும், அறுபடும், மறுபடி ஒட்டும். மீட்டிங்கில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகச் சொன்னார்கள்; முன்பு முகம்தான் உறைந்தது, இப்போது குரலும் போயிற்று.

முறுக்கு எதற்காக இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே ஜோடியின் இரண்டு இழைகளில் ஒரே சமிக்ஞை எதிரெதிராகப் போகும். பக்கத்து ஜோடியிலிருந்து கசியும் இரைச்சல், முறுக்கிய இரண்டு இழைகள் மேலும் ஏறக்குறைய சமமாகவே விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துவிடும். அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜாக்கில் மூன்றாம் ஊசியும் ஆறாம் ஊசியும் ஒரு ஜோடி. நடுவில் நான்கும் ஐந்தும் ஒரு ஜோடி. டெலிஃபோனில் முதல் லைனுக்கு நடு இரண்டு ஊசிகளும், இரண்டாம் லைனுக்கு அவற்றை ஒட்டி வெளிப்புறமாக இரண்டும் என்று இருந்த பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் அழகாக அடுக்கியபோது மூன்றில் பச்சை ஜோடியின் ஓர் இழையும், ஆறில் நீல ஜோடியின் ஓர் இழையும் போய் உட்கார்ந்தன. அதாவது ஜோடியாக வேலை செய்ய வேண்டிய இரண்டும் வேறு வேறு ஆட்களோடு முறுக்கிக்கொண்டிருந்தன. என் டெஸ்டருக்கு இது தெரியாது. ஒயர் அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதைத் தாண்டி அதற்கு வேறு படிப்பில்லை. நான் சரி என்று நம்பியதும் அது சரி என்று சொன்னதும் ஒரே அறியாமையின் இரண்டு முனைகள்.

என்னைக் காப்பாற்றியது, எதுவுமே செய்யாது என்று நான் சொன்ன அந்தப் பேனல்தான். அதன் முதுகில் எந்த நிறம் எந்தப் பிளவில் என்று சீட்டு ஒட்டியிருந்தது. என் ரசனையை அது கேட்கவில்லை.

சீட்டு இருந்தும் என்ன. பிளவில் இழையை அழுத்தப் பஞ்ச் டூல் என்ற ஒரு கருவி வேண்டும். டெலிஃபோன் லைன்மேன்கள் குரோன் டூல் என்று சொல்வது இதன் அண்ணன் தம்பி வகையறா. ஒரே அழுத்தில் இழையைப் பதித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை வெட்டியும் விடும். வெட்டும் அலகு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் வெளிப்புறம் பார்க்க வேண்டும். நான் உட்புறம் பார்க்கப் பிடித்தேன். டக் என்று நல்ல திருப்தியான சத்தம். மிச்சம் அப்படியே இருந்தது. சுவரிலிருந்து வந்த ஒயர் துண்டாகிக் கையோடு வந்துவிட்டது. முதல் இழையில் இப்படி நடந்தால் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குச் சத்தம் பிடித்துப்போய் எட்டு இழைகளையும் முடித்துவிட்டுத்தான் பின்னால் பார்த்தேன்.

கருவியைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் ஓர் ஒயரில் பழுப்பு இழை ஒன்று சரியாகக் கவ்வவில்லை. இது தெரிய வெகுகாலம் ஆனது, ஏனென்றால் எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 மெகாபிட்டுக்குத்தான் நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி படுத்துக்கொண்டால் பல கருவிகள் சண்டை போடாமல் 100-க்கு இறங்கிவிடுகின்றன. சுவிட்சில் மற்ற விளக்குகள் பச்சையாகவும் அது மட்டும் ஆரஞ்சாகவும் எரிந்தது. வரிசையில் ஒன்று மட்டும் நிறம் மாறி எரிவது பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டி, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், அந்த ஆரஞ்சு விளக்கை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்டுபிடித்தவன் மகன். விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டே கேட்டான்: "அப்பா, ஒயர்ல போட்டா வேகம் குறையுது, வைஃபைல போட்டா கூடுது. இது எப்படிப்பா?"

ரேக்கை எங்கே வைப்பது என்பதிலும் என் ரசனைதான் முன்னால் நின்றது. கீழே வைத்தால் துடைப்பம் படும், மகன் கை படும் என்று மாடி ஸ்டோர் ரூம் பரணில், அம்மாவின் பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே. திருச்சி மே மாதம் பற்றித் திருச்சிக்காரனுக்கே நினைவில்லாமல் போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் பரணில் கை வைத்தால் அண்டா சுடும். சுவிட்ச் தினமும் அந்த நேரத்துக்கு மயங்கி விழுந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்துகொண்டது. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் அடுத்த புத்திசாலித்தனம் வெளிப்பட்டது. படத்தில் தொங்கல் தெரியக் கூடாது என்பதற்காக எல்லா ஒயரையும் பேனலுக்குச் சரியாக எட்டும் அளவுக்கு வெட்டியிருந்தேன். ஒரு முழம் சுருட்டி விட்டிருந்தால் கேசிங்கை மாற்றி அடித்துச் சமாளித்திருக்கலாம். இப்போது அத்தனை ஒயரும் நடுவழியில் கப்ளர் போட்டு ஒட்டுப்போட்டவை. ஒட்டுகள் கேசிங்கின் மூடிக்குள் இருக்கின்றன. வெளியே தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. இனிமேல் சொல்லப்போவதை எங்கள் இன்டர்நெட் கம்பெனிப் பையன் எத்தனை வீடுகளில் சொல்லிச் சிரித்திருப்பானோ தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேக்கைத் துடைத்தேன். சுவிட்சிலிருந்து ஒரு குட்டை ஒயரின் நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை உறுத்தியது. அதே சுவிட்சில் காலியாக ஒரு துளை இருந்தது. செருகினேன். ஒயர் அரைவட்டமாக வளைந்து மிக லட்சணமாக உட்கார்ந்தது. படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை அனுப்பக்கூட இன்டர்நெட் இல்லை. டிவி நின்றது, கேமரா நின்றது, மகனின் விளையாட்டு நின்றது, வைஃபையும் போனது. சுவிட்சின் எல்லா விளக்குகளும் சேர்ந்தாற்போல் வெறி பிடித்து மினுக்கின. நான் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மெயின் ஸ்விட்சையே இறக்கி ஏற்றினேன். சீரியல் பாதியில் போன கோபத்தில் அம்மா என்னோடு அன்று ராத்திரி வரை பேசவில்லை. கம்பெனிக்கு ஃபோன் போட்டு, ஃபைபர் அறுந்திருக்கிறது என்று நானே நோயைக் கண்டுபிடித்துச் சொல்லி, குரலை உயர்த்தி, "நானும் ஐடியிலதான் இருக்கேன்" என்ற வாக்கியத்தையும் பயன்படுத்தினேன்.

மறுநாள் அந்தப் பையன் வந்தான். ஃபைபர் பெட்டியைப் பார்த்தான், பச்சை எரிந்தது. ரேக்கைத் திறந்தான். கொஞ்ச நேரம் அமைதியாகப் பார்த்தான்.

"சார், இந்த ஒயரு ஏன் இங்கேருந்து கிளம்பி இங்கேயே வருது?"

பிடுங்கினான். வீடு உயிர்பெற்றது. உள்ளேயிருந்து சீரியல் பாட்டு கேட்டது.

நடந்தது இதுதான். வீட்டில் ஏதாவது ஒரு கருவி "யாரிந்த முகவரிக்காரர்?" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி போடும். சுவிட்ச் அதை எல்லாத் துளைகளிலும் வெளியே அனுப்பும். என் அழகான அரைவட்டத்தின் வழியே அது அதே சுவிட்சுக்குள் திரும்ப நுழையும். புதுக் கேள்வி என்று நினைத்து சுவிட்ச் மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். ஐபி பொட்டலத்தில் இத்தனை தாவலுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படிச் சாவே கிடையாது. ஒரே கேள்வி கண நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகி ஒயர் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இந்தச் சுழலைத் தானாகக் கண்டுபிடித்து ஒரு துளையை மூடிவிடும் முறையை 1985-லேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் வகுத்துவிட்டார். அதை விளக்க ஒரு கவிதையும் எழுதினார். அலுவலகத் தரச் சுவிட்சுகளில் அந்த அறிவு இருக்கும். ரேக்குக்குப் பணம் கொட்டிவிட்டு மிச்சத்தில் நான் வாங்கிய சுவிட்சில் இல்லை.

பையன் போகும்போது மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், எந்த ஒயரு எதுன்னு எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க சார்."

எழுதி வைக்காமல் இல்லை, தம்பி. எழுதித்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஒயருக்கும் தளம், அறை, சுவர், துளை எல்லாம் தெரியும்படி ஓர் எண். அந்த எண்களுக்கு விளக்கம் ஒரு எக்செல் கோப்பில். நிறம் நிறமாகக் கட்டங்கள். அந்தக் கோப்பை எல்லாக் கருவியிலிருந்தும் பார்க்கும் வசதிக்காக நெட்வொர்க்கில் மாட்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டிருந்தேன். நெட்வொர்க் படுத்தால்தான் கோப்பு தேவைப்படும். நெட்வொர்க் படுத்தால் கோப்பைத் திறக்க முடியாது. வடிவமைத்தவன் நான்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி, மகனின் பழைய நோட்டு லேபிள்களை எடுத்துவந்து ஒயர்களில் தானே ஒட்டினாள். "அத்தை டிவி." "வாசல் கேமரா." "இவர் ரூம்." "பிடுங்காதே." கடைசி லேபிள் எந்தக் கருவிக்கும் உரியதல்ல என்று நினைக்கிறேன். கோப்பில் இருந்த எண்கள் எனக்கே மறந்துவிட்டன. லேபிள்கள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒயர் சம்பந்தமாக எங்கள் வீட்டில் யாரும் இப்போது என்னைக் கேட்பதில்லை.

செம்பு ஒயர் வாங்கி எல்லாவற்றையும் மாற்றி இழுத்தாகிவிட்டதா என்று கேட்பீர்கள். வாசல் கேமராவுக்கு மட்டும் மாற்றினேன். முறைப்படியான 48 வோல்ட் இணைப்பும் வாங்கினேன். இரவிலும் பூனை தெரிகிறது. மற்றவை பூச்சு ஒயரிலேயே ஓடுகின்றன, இப்போதைக்கு 1000-த்திலேயே ஓடுகின்றன. எலக்ட்ரீஷியன் அண்ணன் வரும்போது அவர் ரேக் பக்கம் போகாதபடி நான் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். லேன் ஒயருக்கென்று ஒரு அங்குலப் பைப்பைக் கரன்ட் பைப்போடு சேர்க்காமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பிறகு எந்த ஒயரையும் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். ஒயர் வாங்கும்போது நுனியைக் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரு முழம் சுருட்டி விடுங்கள். எட்டு போர்ட் போதும். பூச்சு வேலை ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள், எந்தச் சுவரில் எந்தப் பைப் போகிறது என்று ஃபோனில் படம் எடுத்து, அதைத் தாளில் அச்சடித்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.